மாஸ்டர் மகாசயர்

1932-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் தேதி, சனிக்கிழமை. அதற்கு முந்தைய இரவு வங்காளமெங்கும் பலஹாரிணி காளி பூஜை நடந்திருந்தது. வைகாசி அமாவாசையை ஒட்டி வரும் அந்தப் பூஜையில் அன்பர்கள் தேவிக்குக் கனிவகைகளைப் படைத்து, தங்கள் வினைப்பயனையும் அவள் திருவடியிலேயே சேர்த்துவிடுவது மரபு. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் அன்னை சாரதாதேவியாரைப் பீடத்தில் அமர்த்தி ஷோடசி பூஜை செய்ததும், முன்னொரு காலத்தில், இதே பலஹாரிணி இரவில்தான். கல்கத்தாவில் குருப்பிரசாத் சௌதுரி சந்திலிருந்த ஒரு வீட்டில், 78-ஆவது வயதில் இருந்த முதியவர் ஒருவர், கையில் நெடுநாளாக இருந்துவந்த நரம்பு வலியையும் பொருட்படுத்தாமல், அச்சகத்திலிருந்து வந்த தாள்களை அன்றிரவு வெகுநேரம் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு நூலின் ஐந்தாம் பாகத்துக்கு உரிய கடைசித் தாள்கள் அவை. வேலை முடிந்தது. பொழுது புலரும் வேளையில், அன்னையையும் குருநாதரையும் அழைத்தபடியே அவர் உயிர் பிரிந்தது.

அந்த நூல் ஸ்ரீராமகிருஷ்ண கதாம்ருதம். நம்மவர் இல்லங்களில், விளக்கேற்றிய பின் ஒரு பக்கமாவது படித்துவிட்டு எழும் வழக்கமுள்ள முதியோர் இன்றும் பலர் உண்டு. சென்னை ஸ்ரீராமகிருஷ்ண மடம் ‘ஸ்ரீராமகிருஷ்ணரின் அமுத மொழிகள்’ என்று மூன்று தொகுதிகளாகத் தமிழில் வெளியிட்டிருப்பது அதே நூல்தான். அதை ஆக்கியவர் தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. வங்க மூலத்தின் முகப்பில் ‘ஸ்ரீம’ சொன்னது என்று மட்டுமே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘எம்’ என்ற ஓர் எழுத்து, அவ்வளவே. கல்கத்தாவாசிகளுக்கு மட்டும் அவரை நன்றாகத் தெரியும். எழுத்தாளர் என்றோ மகான் என்றோ அவர்கள் அவரைக் குறிப்பிடவில்லை. ‘மாஸ்டர் மகாசயர்’ என்றே அழைத்தார்கள். பெரிய வாத்தியார் ஐயா என்று நம் ஊரில் சொல்வதுபோல மரியாதையும் வாஞ்சையும் கலந்த பெயர் அது. ஏனெனில் அவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். கடைசிவரை பள்ளிக்கூடத்து மனிதராகவே இருந்தார்.

மகேந்திரநாத் குப்தர் 1854-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி கல்கத்தாவில் சிமுலியா பகுதியில் பிறந்தார். தந்தை மதுசூதன் குப்தர். தாய் சுவர்ணமயி தேவி. நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோது மாஹேசத்தில் நடக்கும் ஜகந்நாதர் தேர்த்திருவிழாவைக் காண அன்னையோடு படகில் சென்றார். திரும்பும் வழியில் தட்சிணேசுவரத்தில் இறங்கித் தரிசனம் செய்தார்கள். புதிதாகக் கட்டப்பட்ட அந்தப் பெரிய ஆலயத்தில் குழந்தை கூட்டத்தில் தாயைப் பிரிந்து அழத் தொடங்க, யாரோ ஒருவர் வந்து அணைத்துத் தேற்றினாராம். அவர் ஆலயத்தில் அர்ச்சகராக இருந்த இளைஞர் ராமகிருஷ்ணராகவே இருக்கக்கூடும் என்று மகேந்திரர் பிற்காலத்தில் எண்ணி எண்ணி மகிழ்வதுண்டு.

படிப்பில் அவர் மிகவும் கெட்டிக்காரர். ஹேர் பள்ளியிலிருந்து எண்ட்ரன்ஸ் தேர்வு எழுதி இரண்டாவதாகத் தேறினார். எஃப்.ஏ. தேர்வில் கணிதத் தாள் ஒன்றை எழுதாமல் போயும் ஐந்தாமிடம் கிடைத்தது. பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ. தேர்வில் மூன்றாவது. ஆங்கில இலக்கியம், மேலைத் தத்துவம், வரலாறு ஆகியவற்றோடு காளிதாசனும் புராணங்களும் அவருக்குக் கரதலப் பாடம். பதின்மூன்று வயதிலேயே நாட்குறிப்பு எழுதும் பழக்கமும் தொடங்கிவிட்டது. அன்று யாரை வணங்கினேன், எந்தக் கோயிலுக்குப் போனேன் என்று ஒரு சிறுவன் எழுதி வைத்த பழக்கம் பின்னால் உலகுக்கு எதைத் தேடித்தரப் போகிறது என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

வாழ்வு கசந்த நேரத்தில்தான் அவருக்குக் குரு வாய்த்தார். கூட்டுக் குடும்பத்தில் தந்தையோடும் சகோதரர்களோடும் ஏற்பட்ட மனவருத்தம் முற்றி, உயிர் வாழ்வதிலேயே விருப்பம் அற்றுப்போன நிலையில், ஓர் இரவு மனைவி நிகுஞ்சதேவியுடன் வீட்டைவிட்டு வெளியேறினார். பராநகரில் இருந்த உறவினர் வீட்டில் அடைக்கலம். மனம் ஆறட்டும் என்று உறவினரான இளைஞர் சித்து அவரைக் கங்கைக் கரையிலுள்ள தோட்டங்களுக்கு ஒவ்வொன்றாக அழைத்துச் சென்றார். அப்படித் தோட்டம் பார்க்கப் போய்ச் சேர்ந்த இடம் தட்சிணேசுவரம். அது 1882 பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மாலை வேளை. அறை நிறைய மக்கள் அசைவற்று அமர்ந்திருக்க, பகவான் கட்டிலில் அமர்ந்து ஹரிகதை பேசிக்கொண்டிருந்தார். சுகப்பிரம்மமே பாகவதம் சொல்வதுபோல் இருந்தது மகேந்திரருக்கு. மணிகள் ஒலித்தன; ஆரத்தி தொடங்கியது. வாசலில் நின்ற பணிப்பெண் பிருந்தையிடம், இவர் நிறைய நூல்கள் படிப்பாரோ என்று படித்த மனிதருக்கே உரிய கேள்வியைக் கேட்டார். நூல்கள் எல்லாம் அவர் நாவிலேயே இருக்கின்றன என்று அந்த எழுத்தறியாத பெண் பதில் சொன்னாள். பகவான் புத்தகம் எதையும் படிப்பதில்லை என்ற செய்தி தலைமையாசிரியருக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

அடுத்த சந்திப்பு இன்னும் சுவையானது, சற்றுக் காரமானதும்கூட. மகேந்திரர் அப்போது ஈசுவர சந்திர வித்யாசாகரர் நிறுவிய மெட்ரோபாலிடன் பள்ளியின் சியாம்புகூர் கிளையில் தலைமையாசிரியர். வயது இருபத்தேழு. உன் மனைவி எப்படிப்பட்டவள் என்று பகவான் கேட்க, நல்லவள்தான், ஆனால் அஞ்ஞானி என்றார் இவர். அப்படியானால் நீ ஞானியோ என்று திரும்பி வந்தது கேள்வி. படிப்பு என்பதே ஞானம் என்று அதுவரை எண்ணியிருந்தவருக்கு அது முதல் அடி. பேச்சு விக்கிரக வழிபாட்டுக்குத் திரும்பியது. களிமண் பிரதிமையை வணங்குவோருக்கு, அது கடவுள் அல்ல என்பதை எடுத்துச் சொல்லிப் புரியவைக்க வேண்டாமா என்று ஆசிரியர் கேட்டார். பகவானின் முகம் மாறியது. பிரசங்கம் செய்து பிறருக்கு விளக்குவதே கல்கத்தாக்காரர்களுக்கு வேலையாகிவிட்டது. தன்னைத் திருத்திக்கொள்வாரைத்தான் காணோம். பிறருக்குப் போதிக்க நீ யார். உலகைப் படைத்தவன் அதையும் பார்த்துக்கொள்ளமாட்டானா என்று கேட்டார். பிரதிமையை வணங்குபவன் உண்மையில் யாரை அழைக்கிறான் என்பது அந்த இறைவனுக்குத் தெரியாதா என்றும் வினவினார்.

கோயில் படி ஏறி விக்கிரகத்தின் முன் கண்ணீர் மல்க நிற்கும் எந்த அன்பருக்கும் இந்த ஒரு பகுதி போதும். ஆனால் இங்கு கவனிக்க வேண்டியது அந்த ஆசிரியரை. பிறருக்குப் போதிக்க நீ யார் என்பது ஒரு தலைமையாசிரியரை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்வி. வேறொருவராக இருந்தால் மனம் புண்பட்டு எழுந்து போயிருப்பார். இவரோ, இது கணிதமா, வரலாறா, இலக்கியமா, மற்றவனுக்குப் பாடம் சொல்லித்தர, இது இறைவனைப் பற்றிய விஷயம் அல்லவா என்று தமக்குள் எண்ணி அடங்கினார். பகவானோடு தாம் வாதிட்டது அதுவே முதலும் கடைசியும் என்று நூலில் அவரே எழுதி வைத்திருக்கிறார். தம்முடைய தோல்வியை, அதுவும் ஐம்பது அறுபது மாணவர்கள் படித்துச் சிரிக்கக்கூடிய தோல்வியை, முதல் பக்கங்களிலேயே அச்சிட்டுக் கொடுத்த ஆசிரியர்கள் எத்தனை பேர்?

சில நாட்களில் அவர் மீண்டும் வந்து நின்றபோது பகவான் சுற்றியிருந்த இளைஞர்களிடம் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். ஒரு மயிலுக்கு ஒருநாள் மாலை நான்கு மணிக்கு அபின் கொடுத்தார்களாம். மறுநாளும் சரியாக நான்கு மணிக்கு மயில் வந்து நின்றதாம். மாஸ்டர் அந்த மயிலாகவே ஆகிவிட்டார். ஞாயிறு, விடுமுறை, பள்ளி விட்ட மாலை எதையும் விடுவதில்லை. வந்ததோடு நிற்கவுமில்லை. 1882 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பகவான் வித்யாசாகரரைக் காண அவருடைய பாதுர்பகான் இல்லத்துக்குச் சென்றது மாஸ்டரின் ஏற்பாட்டில்தான். கடலின் ஆழத்தை அளக்கப் போன உப்புப் பொம்மை கடலிலேயே கரைந்த கதையைப் பகவான் அன்று அங்குச் சொன்னார். தம் பள்ளியின் நிறுவனரையும் தம் குருவையும் ஒரே அறையில் அமர்த்திப் பார்த்த அந்த ஆசிரியரின் மனம் எவ்வளவு நிறைந்திருக்கும்!

பிறகு மாணவர்கள். தாம் பெற்றதைத் தாமே வைத்துக்கொள்ள நல்லாசிரியர் மனம் இடம் கொடுப்பதில்லை. மாஸ்டரின் பள்ளியில் படித்த பாபுராம் பின்னாளில் சுவாமி பிரேமானந்தர் ஆனார். அவரோடு படித்த ராக்கால் சுவாமி பிரம்மானந்தர். மடத்தின் முதல் தலைவர். தென்னாட்டுக்கு வந்தபோது இங்கே கேட்ட ராமநாம சங்கீர்த்தனத்தில் மனம் கரைந்து அதை பேலூர் மடத்துக்குக் கொண்டு சென்றவர் அவரே.

சாரதாபிரசன்னன் என்ற மாணவனின் கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளை, வகுப்பில் சிறந்தவன். எண்ட்ரன்ஸ் தேர்வில் முதல் வகுப்பு நிச்சயம் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். தேர்வு நடந்தபோது அவனுடைய தங்கக் கடிகாரம் திருட்டுப் போயிற்று. மனம் உடைந்து, தேர்வைச் சரியாக எழுத முடியாமல், இரண்டாம் வகுப்பில்தான் தேறினான். அந்த அவமானத்தில் யாரோடும் பேசாமல் வாடிக்கிடந்தான். இத்தகைய பிள்ளையிடம் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வதுதான் ஆசிரியர்களின் வழக்கம். மாஸ்டர் அப்படிச் செய்யவில்லை. 1884 டிசம்பர் மாதம் அவனைத் தட்சிணேசுவரத்துக்கு அழைத்துச் சென்று பகவானின் முன்னே நிறுத்தினார். தான் துன்பத்தில் இருந்த நாளில் எந்த வாசலில் மருந்து கிடைத்ததோ, அந்த வாசலையே மாணவனுக்கும் காட்டினார். ஒரு கடிகாரத்துக்காக அழுத அந்தப் பையன் பிற்காலத்தில் சுவாமி திரிகுணாதீதானந்தர் என்ற துறவியாகி, ‘உத்போதன்’ இதழின் முதல் ஆசிரியராக இருந்து, அமெரிக்கா சென்று, சான் பிரான்சிஸ்கோ நகரில் இந்து ஆலயம் எழுப்பினார்.

எல்லா வீட்டிலும் இது மகிழ்ச்சியோடு ஏற்கப்பட்டதா என்றால், இல்லை. பையனைப் படிக்க அனுப்பினால் வாத்தியார் பரமஹம்சரிடம் கூட்டிப் போகிறாரே என்று பெற்றோர் பதறினார்கள். ‘பிள்ளை பிடிக்கும் மாஸ்டர்’ என்று ஊரில் பட்டப்பெயர் வந்தது. பெற்றோர் அச்சத்தையும் குறை சொல்வதற்கில்லை. மகன் படித்து உத்தியோகம் பார்த்துக் குடும்பத்தைக் காப்பான் என்று காத்திருந்தவர்கள் அவர்கள். பூர்ணன் என்ற பதின்மூன்று வயதுச் சிறுவனின் வீட்டில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அவனைப் பகவான் மிக உயர்ந்த அதிகாரி என்று கொண்டாடினார். அவனைக் காண ஏங்கினார். மாஸ்டர் வீட்டாருக்குத் தெரியாமல் அவனை அழைத்துவர வேண்டியிருந்தது. வித்யாசாகரர் உன்னைக் கேட்டால் என்ன சொல்வாய் என்று பகவானே கவலையோடு கேட்டார். சாதுசங்கத்தில் இறைவனை நினைக்கிறார்கள், அது தீமையன்று என்பேன்; மேலும், இறைவனை முழுமனத்தோடு நேசிக்க வேண்டும் என்று நம் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது என்பேன் என்று விடை சொன்னார் மாஸ்டர். ஆசிரியர் அல்லவா, பாடநூலையே சாட்சிக்கு அழைத்துவிட்டார்!

அந்தக் கேள்வி ஒருநாள் வேறு வடிவில் வந்தே சேர்ந்தது. பகவான் தொண்டைப் புற்றுநோயால் படுக்கையில் இருந்த காலம். மாஸ்டர் நாள்தோறும் அவரைக் காணச் சென்றுவந்தார். அவ்வாண்டு பள்ளியின் தேர்வு முடிவுகள் எதிர்பார்த்தபடி அமையவில்லை. பரமஹம்சரிடம் மிகுதியாகப் போய்வருவதால்தான் பள்ளியின் கவனம் குறைந்தது என்ற பொருள்பட வித்யாசாகரர் குறிப்பிட்டார். ஏழை வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காகவே தம் செல்வத்தையும் உடலையும் தேய்த்த அந்தப் பெருமகனார் அப்படிக் கேட்டதில் தவறு காண முடியாது. கேட்காமல் இருந்திருந்தால்தான் அது அவருக்கு அழகன்று. ஆனால் மாஸ்டருக்கு அது குருவின் பெயரைத் தொட்ட சொல். மறுபேச்சின்றி வேலையை விட்டு விலகினார். கையில் வேறு வேலை இல்லை. வீட்டில் மனைவி மக்கள். மூத்த மகன் இறந்த துயரத்தில் சித்தம் கலங்கியவர்போல் இருந்த நிகுஞ்சதேவியைப் பகவானும் அன்னையும்தான் தேற்றிக்கொண்டிருந்தார்கள். பகவானிடம் சென்று செய்ததைச் சொன்னார். நீ செய்தது சரி என்று அவர் மும்முறை சொன்னார்.

சரி என்று குரு சொல்லிவிட்டால் அடுப்பு எரிந்துவிடுமா? சில நாட்கள் மாஸ்டர் வீட்டுத் தாழ்வாரத்தில் கவலையோடு நடந்துகொண்டிருந்தார். அதிக நாள் காக்க வேண்டியிருக்கவில்லை. சுரேந்திரநாத் பானர்ஜி தம் ரிப்பன் கல்லூரியில் பேராசிரியராக வருமாறு அழைத்தார். பின்னர் சிட்டி கல்லூரி உள்ளிட்ட வேறு கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் ஆங்கிலம், வரலாறு, தத்துவம், பொருளாதாரம் கற்பித்தார். பகவான் 1886 ஆகஸ்டில் மகாசமாதி அடைந்தபின், பராநகரில் இடிந்த வீட்டில் அரைவயிற்றோடு தவம் செய்த இளந்துறவியருக்கும் அன்னை சாரதாதேவியாருக்கும் அவருடைய ஊதியத்திலிருந்து உதவி தவறாமல் சென்றது. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவர் பாடம் நடத்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவரும் துறவு பூணவே விரும்பினார். பகவான் அனுமதிக்கவில்லை. பாகவதம் சொல்பவனை அன்னை ஒரு தளையிட்டு இல்லறத்தில் வைத்துக்கொள்கிறாள்; இல்லாவிட்டால் உலகுக்குப் பாகவதத்தைச் சொல்ல யார் இருப்பார் என்ற பொருளில் ஆறுதல் கூறினார். பணக்கார வீட்டில் வேலை செய்யும் தாதி எசமானின் பிள்ளையை என் கண்ணே என்று கொஞ்சினாலும், மனம் மட்டும் தன் சொந்தக் கிராமத்தில் இருப்பதுபோல இரு என்றார். மாஸ்டர் அதை எழுத்து பிசகாமல் கைக்கொண்டார். கல்கத்தா பல்கலைக்கழகத்து செனட் மண்டபத்தின் திறந்த தாழ்வாரத்தில், வீடற்ற ஏழைகளோடு ஏழையாகச் சில இரவுகள் படுத்துறங்கியிருக்கிறார். தமக்கு வீடு என்று ஒன்று இல்லை என்ற உணர்வு மங்கிவிடக்கூடாது என்பதற்காக.

நாட்குறிப்புக்கு வருவோம். பகவான் பேசும்போது அவர் எதிரில் அமர்ந்து எழுதியவர் அல்லர் அவர். வீடு திரும்பியபின், கேட்டதையும் கண்டதையும் சுருக்கக் குறிப்புகளாக எழுதிவிடுவார். சில நாள் நிகழ்ச்சியை எழுதி முடிக்கப் பல நாட்கள் ஆகும். திதி, கிழமை, அறையில் யார் யார் எங்கே அமர்ந்திருந்தார்கள், எந்தப் பாட்டு பாடப்பட்டது, கங்கையில் ஏற்றமா வற்றமா என்பது வரை அதில் உண்டு. தமக்காக மட்டுமே எழுதிய குறிப்புகள் அவை. பல்லாண்டுகளுக்குப்பின் ஒவ்வொன்றையும் தியானத்தில் மீட்டு விரித்தெழுதினார். 1888-ஆம் ஆண்டு அன்னை சாரதாதேவியாரிடம் கையெழுத்துப் பிரதியைப் படித்துக் காட்டி ஆசி பெற்றார். கேட்டபோது பகவானே பேசுவதுபோல் இருந்தது என்பது அன்னையின் தீர்ப்பு. 1897-இல் சிறு பிரசுரங்களாக ஆங்கிலத்தில் வந்ததைப் படித்த சுவாமி விவேகானந்தர், எழுதியவர் தம்மை முற்றிலும் மறைத்துக்கொண்டிருப்பதை வியந்து பாராட்டிக் கடிதம் எழுதினார். வங்க மொழியில் முதல் பாகம் 1902-இல் வந்தது. மாஸ்டரே ஆங்கிலத்தில் எழுதிய பாகம் 1907-இல் நம் சென்னையில் அச்சாயிற்று என்பது தமிழ் அன்பர்கள் மகிழ்வதற்குரிய செய்தி. நூலில் அவர் தம்மை மணி என்றும், மோகினிமோகன் என்றும், ஓர் அன்பர் என்றும் பல பெயர்களில் ஒளித்துக்கொண்டார். திட்டு வாங்கும் இடத்தில் மட்டும் மாஸ்டர் என்று துணிந்து நிற்கிறார்!

1905-ஆம் ஆண்டு கல்லூரி வேலைகளை விட்டுவிட்டு, மார்ட்டன் பள்ளியைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மீண்டும் பள்ளிப் பிள்ளைகள். அந்தப் பள்ளி ஆம்ஹர்ஸ்ட் தெரு 50-ஆம் எண் கட்டடத்தில் நடந்தது. மேல்மாடியில் ஒரு சிறு அறை அவருக்கு. மொட்டைமாடியில் தொட்டிகளில் துளசியும் பூச்செடிகளும் வளர்த்தார். மாலைதோறும் அங்கே அன்பர்கள் கூடுவார்கள். நீண்ட வெண்தாடி, அகன்ற கண்கள், மெல்லிய குரல். பரமஹம்சரைப் பற்றியன்றி வேறு பேச்சு இல்லை. தம்மைக் காண வந்தோரைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாமல், பேலூர் மடத்துக்குப் போங்கள், சாதுக்களைப் பாருங்கள், அவர்களுக்குத் தொண்டு செய்யுங்கள் என்று அனுப்பிக்கொண்டே இருப்பார். முன்னொரு நாள் சுபோதன் என்ற இளைஞனிடம், பகவானின் சொற்படி அவன் தம்மை நாடி வந்தபோது, கடலோரம் குடியிருப்பவன் நான். சில குடங்களில் கடல்நீரை நிரப்பி வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறேன் என்ற கருத்தில் சொன்னவர், இறுதிவரை அதையே செய்தார். அந்தச் சுபோதனும் பின்னர் சுவாமி சுபோதானந்தர் ஆனார்.

அந்த ஆம்ஹர்ஸ்ட் தெரு வீட்டுக்கு முகுந்தன் என்ற பையன் அடிக்கடி வருவான். அவனுடைய தாயார் காலமானது அதே வீட்டில், முன்பு அவன் குடும்பம் அங்கே குடியிருந்தபோது. தாயை இழந்த துக்கம் ஆறாத பிள்ளை, ஜகன்மாதாவிடம் எனக்காகப் பேசுங்கள் என்று மாஸ்டரின் பாதங்களைப் பிடித்துக்கொண்டான். உன் விண்ணப்பத்தை அன்னையிடம் சேர்ப்பிக்கிறேன் என்று அவர் வாக்களித்தார். அவன் பிற்காலத்தில் பரமஹம்ச யோகானந்தர் என்று உலகறிந்த துறவி. தம் சுயசரிதையில் மாஸ்டருக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அந்தப் பள்ளியில் கடுஞ்சொல் கிடையாது, பிரம்பு கிடையாது, அன்பினாலேயே பிள்ளைகள் கற்றார்கள் என்று அதில் நினைவுகூர்கிறார். ஒருமுறை பல்கலைக்கழக மண்டபத்தில் படம் காட்டி நடந்த சொற்பொழிவு பையனுக்குச் சலிப்பூட்டியது. மாஸ்டர் அவன் காதோடு, உனக்குப் பிடிக்கவில்லை என்று அன்னையிடம் சொல்லிவிட்டேன், விளக்குகள் அணையும் என்றாராம், அணைந்தன! வெளியே வந்ததும் அவன் மார்பில் மெல்லத் தட்ட, தெருவின் ஓசையெல்லாம் அடங்கி, உலகமே ஒலியற்ற காட்சியாக ஓடியது என்று யோகானந்தர் எழுதுகிறார். இவ்வளவு செய்தவர், நான் உன் குரு அல்லன், அவர் பிறகு வருவார் என்று சொல்லித் தள்ளியே நின்றார்.

காஞ்சி மகாபெரியவரைச் செங்கல்பட்டில் தரிசித்து, அவர் காட்டிய வழியில் திருவண்ணாமலைக்குச் சென்ற ஆங்கிலேயர் பால் பிரண்டனும் தம் பயணத்தில் கல்கத்தா வந்து மாஸ்டரைக் கண்டார். நூற்றுக்கணக்கான கேள்விகளோடு ஊர் ஊராக அலைந்த அந்த மனிதர் அந்த முதியவரின் அருகில் பல மாலைகள் வந்து அமர்ந்திருக்கிறார். அவர் தம் நூலை வெளியிடுவதற்குள் மாஸ்டர் மறைந்துவிட்டார்.

மாஸ்டரின் உடல் பகவானின் உடல் எரியூட்டப்பட்ட அதே காசிப்பூர்க் கங்கைக் கரையில் தீயில் சேர்க்கப்பட்டது. அவர் திருத்திக்கொடுத்த ஐந்தாம் பாகம் அவ்வாண்டே வெளிவந்தது. அமெரிக்காவில் சுவாமி நிகிலானந்தர் ஐந்து பாகங்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1942-இல் ஒரே நூலாக்கினார்.

மார்ட்டன் பள்ளியில் ஆசிரியராக இருந்து மாஸ்டரோடு ஒரே கட்டடத்தில் வாழ்ந்த இளைஞர் ஒருவர் உண்டு. பின்னர் சுவாமி நித்யாத்மானந்தர் என்று துறவுப்பெயர் பெற்றவர். மொட்டைமாடியில் மாலைதோறும் மாஸ்டர் பேசியதைக் கேட்டுவிட்டு, தம் அறைக்குப் போய் அவரும் நாட்குறிப்பு எழுதிவந்தார். அது ‘ஸ்ரீம தர்சன்’ என்ற பெயரில் வங்க மொழியில் 16 பாகங்களாக வந்திருக்கிறது.